பெயர் மறுக்கப்பட்ட போர்: அல்ஜீரியா 1954–1962

மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு அதனை அருந்துவோர் தம் சமுதாயத்தில் தோன்றுவர் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள். இச்செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. பெயர் மாறுவதால் ஒரு பொருளின் தன்மை மாறிவிடாது, தன்மை மாறாதவரை அதற்குரிய ஹுக்மும் மாறாது என்று மார்க்க அறிஞர்கள் இதனை விளக்குவர். ஹலால், ஹராம் பற்றிய பாடமாகவே நாம் இதைப் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். அரசுகளின் நடத்தையை அளந்து பார்க்கவும் இந்த அளவுகோல் பொருந்தும்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நயவஞ்சகர்களைப் பற்றிப் பேசுகிறது. பூமியில் குழப்பம் செய்யாதீர்கள் என்று அவர்களிடம் கூறப்பட்டால், தாங்கள் சீர்திருத்தம் செய்பவர்களே என்று அவர்கள் பதிலளிப்பதை அது சுட்டிக்காட்டுகிறது (2:11, 12). செய்வது அழிவு, சூட்டும் பெயர் சீர்திருத்தம். இந்த வசனத்தின் உண்மையை வரலாற்றில் தெளிவாகக் காண விரும்புவோர், அல்ஜீரிய முஸ்லிம்கள் மீது பிரான்ஸ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடத்திய போரைப் படிக்க வேண்டும். இலட்சக்கணக்கானோர் மாண்ட அந்தப் போருக்கு, அது முடிந்து 37 ஆண்டுகள் கழியும்வரை பிரெஞ்சுச் சட்டத்தில் ‘போர்’ என்ற பெயரே இருக்கவில்லை.

ஒரே நாளில் இரு காட்சிகள்

1830 ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. 1848-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அல்ஜீரியாவைப் பிரெஞ்சு மண்ணாகவே அறிவித்தது. நாடு மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, காகிதத்தில் பிரான்சின் ஒரு பகுதியாயிற்று. ஆனால் அந்த மண்ணின் மக்கள் சம உரிமை பெற்ற குடிமக்களாகவில்லை. நல்ல விளைநிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் கைக்குச் சென்றன. பிற்கால அரசு ஆவணங்கள் அல்ஜீரியர்களை ‘பிரெஞ்சு முஸ்லிம்கள்’ என்று குறித்தன. ‘அல்ஜீரியர்’ என்றொரு மக்கள் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத பெயர் அது.

1945 மே 8 அன்று ஐரோப்பாவில் உலகப் போரின் வெற்றி கொண்டாடப்பட்ட வேளையில், செதிஃப் நகரில் அல்ஜீரியர்கள் தங்கள் கொடியை ஏந்தி ஊர்வலம் சென்றனர். துப்பாக்கிச் சூடு நடந்தது; கலவரம் மூண்டு ஏறத்தாழ நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டனர். அடுத்த வாரங்களில் செதிஃப், குவெல்மா, கெர்ராத்தா வட்டாரங்களில் பிரெஞ்சுப் படையும் ஆயுதமேந்திய குடியேறிகளும் நடத்திய பழிவாங்கலில் இறந்தோர் ஆயிரத்தைச் சற்றே கடந்தவர்கள் என்பது அன்றைய பிரெஞ்சு அரசின் கணக்கு. 45,000 பேர் என்பது அல்ஜீரியாவின் கணக்கு. இந்தப் படுகொலையும் பிரெஞ்சு ஏடுகளில் ‘செதிஃப் நிகழ்வுகள்’ என்றே பதிவாயிற்று.

1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி, நாட்டின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் தாக்குதல்களை நடத்தி விடுதலைப் போரைத் தொடங்கியது. அதே நாளில்தான் நமக்கு அருகிலுள்ள புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளின் நிர்வாகத்தைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். காரைக்காலில் ஒரு வாக்கெடுப்பும் ஒரு கையெழுத்துமாக முடிந்த காரியம், அல்ஜீரியாவில் எட்டு ஆண்டு இரத்தப் பெருக்காயிற்று. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956-இலேயே கையெழுத்தானது. எனினும் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகே, 1962 ஆகஸ்ட் 16 அன்று, அது நடைமுறைக்கு வந்தது.

‘போர்’ என்ற சொல்லுக்கு ஏன் அஞ்சினர்?

அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி என்றால், ஒரு நாடு தன் மீதே எப்படிப் போர் தொடுக்க முடியும்? அன்றைய உள்துறை அமைச்சர் பிரான்சுவா மித்தெரான் அல்ஜீரியா என்பது பிரான்சே என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆகவே நடப்பது போரன்று, ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’ என்றனர். மக்கள் பேச்சில் அது ‘நிகழ்வுகள்’ என்று வழங்கிற்று. படை கிராமங்களுக்குள் நுழைந்து செய்தவற்றுக்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயர்.

இது சொல்லலங்காரத்தோடு நிற்கவில்லை. போர் என்று ஒப்புக்கொண்டால் எதிரே நிற்பவனுக்கும் சில உரிமைகள் உண்டாகிவிடும். பிடிபட்டவன் போர்க் கைதியாவான். அவனைக் கொல்ல இயலாது. அவன் தலைவர்களோடு ஒருநாள் பேச வேண்டியிருக்கும். போர் இல்லையெனில் அவன் வெறும் குற்றவாளி. 1956 ஜூன் 19 அன்று அஹ்மத் ஸபானா என்ற போராளி அல்ஜியர்ஸ் சிறையில் கில்லட்டின் கருவியால் தலை துண்டிக்கப்பட்டார். அவருக்குப் பின் போர் முடிவதற்குள் மேலும் பலர் அவ்வாறே கொல்லப்பட்டனர். ஒரு சொல்லை மறுத்ததன் விலையை அவர்கள் உயிரால் செலுத்தினர்.

சொற்களும் அவற்றின் பின்னால் இருந்தவையும்

1955 ஏப்ரல் 3 அன்று பிரெஞ்சு அரசு ‘அவசரநிலை’ என்றொரு புதிய சட்டத்தை இயற்றியது. முற்றுகை நிலையை அறிவிக்கும் பழைய சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது போரை நினைவூட்டும் என்பதால் புதிய பெயர் தேடப்பட்டது. ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் கட்டாயமாகத் தங்கவைக்க இச்சட்டம் அதிகாரம் அளித்தது. அதன் பெயரால் எக்காரணம் கொண்டும் முகாம்கள் அமைக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறியது. உலகப் போர்க்கால வதைமுகாம்களின் நினைவு அப்போது பிரெஞ்சு மக்களிடம் ஆறாத புண்ணாக இருந்தது. எனினும் அதே ஆண்டில் அல்ஜீரியாவில் முகாம்கள் முளைத்தன. சட்டத்தை மீறவில்லை என்று காட்டுவதற்காக அவற்றுக்கு ‘தங்கும் மையங்கள்’ என்று பெயரிட்டனர். முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவன் விருந்தினன்போல் ஏட்டில் எழுதப்பட்டான்.

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரத்தின் காவல் அதிகாரம் முழுவதும் ஜெனரல் மசூவின் வான்குடைப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. நள்ளிரவில் வீடுகளிலிருந்து ஆண்கள் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுக்காகப் போடப்பட்ட உத்தரவின் பெயர் ‘குறித்த இடத்தில் தங்கவைத்தல்’. அந்த உத்தரவுகளில் கையெழுத்திட்டவர் போல் தெய்த்ஜென் என்ற காவல்துறை உயரதிகாரி. அவரே உலகப் போரில் நாஜிகளிடம் சித்திரவதைப்பட்டு டாக்காவ் முகாமில் அடைபட்டிருந்தவர். அல்ஜியர்ஸ் கைதிகளின் உடலில் தாம் பட்ட அதே காயங்களின் தடத்தைக் கண்டதாக எழுதி, 1957 மார்ச்சில் பதவி விலகல் கடிதம் அளித்தார். தங்கவைக்கப்பட்டதாகக் காட்டப்பட்டவர்களில் திரும்பி வராதவர்களை அவர் எண்ணி வைத்திருந்தார். அவருடைய கணக்கின்படி அவர்கள் 3,024 பேர்.

சித்திரவதைக்கு ‘தீவிர விசாரணை’ என்று பெயர். மின்சாரத்தையும் நீரையும் கவனமாகப் பயன்படுத்தினால் அதிர்ச்சி உடலைவிட மனத்துக்கே அதிகம், ஆகவே அதை மிகுந்த கொடுமை என்று கருத வேண்டியதில்லை என 1955-இலேயே வியோம் என்ற அரசு ஆய்வாளர் அறிக்கை எழுதியிருந்தார். கைதிகளை விறகு பொறுக்குவதற்கென்று முகாமுக்கு வெளியே அழைத்துச் சென்று சுட்டுக் கொன்றுவிட்டு, தப்பியோட முயன்றதாக எழுதினர். படைவீரர்களின் பேச்சில் ‘விறகு வேலை’ என்றாலே அதுதான் பொருள்.

விடுதலை முன்னணியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான லார்பி பின் மஹீதி 1957 மார்ச்சில் சிறைப்பிடிப்பில் இறந்தபோது, தற்கொலை என்று அறிவித்தனர். அதே மாதம் வழக்கறிஞர் அலீ பூமெஞ்சல் ஆறாம் மாடியிலிருந்து வீசப்பட்டு இறந்தார். அதையும் தற்கொலை என்றனர். அல்ஜீரிய விடுதலையை ஆதரித்த 25 வயதுக் கணித விரிவுரையாளர் மொரிஸ் ஓதேன் அவ்வாண்டு ஜூனில் கைதாகிக் காணாமற்போனார். அவர் தப்பியோடிவிட்டார் என்றது அறிவிப்பு. தற்கொலை மார்க்கத்தில் பெரும்பாவம். கொன்றதோடு நில்லாமல், கொல்லப்பட்ட முஸ்லிமின் மீது அந்தப் பழியையும் சுமத்தியது இந்தச் சொல்.

இவை அனைத்தையும்விட அதிகமான மக்களைத் தொட்ட சொல் ‘ஒருங்கு குடியமர்த்தல்’. போராளிகளுக்கு உணவும் அடைக்கலமும் கிடைக்காதிருக்க, மலைக் கிராமங்களைப் படை காலி செய்தது. பல கிராமங்கள் எரிக்கப்பட்டன. நிலமும் ஆடும் அடுப்பும் இழந்து, 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அல்ஜீரிய மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்பது இதன் பொருள். பிற்காலத்தில் பிரான்சின் பிரதமரான மிஷேல் ரொக்கார் அப்போது இளம் நிதித்துறை அதிகாரி. அவர் முகாம்களை நேரில் பார்த்து 1959-இல் அறிக்கை அளித்தார். ஆயிரம் பேர் கொண்ட முகாமில் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு ஒரு குழந்தை இறக்கிறது என்று அதில் குறித்திருந்தார். அறிக்கை பத்திரிகைகளில் கசிந்ததும் பெரும் சலசலப்பு எழுந்தது. அதே ஆண்டில் ‘ஆயிரம் கிராமங்கள்’ என்ற திட்டத்தை நிர்வாகம் அறிவித்தது. முகாம்களில் பல இப்போது ‘புதிய கிராமங்கள்’ ஆயின.

அச்சம் வளர்ந்த விதம்

மெல்லிய சொற்கள் மக்களை அமைதிப்படுத்தும் என்று நாம் எண்ணக்கூடும். அல்ஜீரியாவில் நேர்மாறாக நடந்தது. அரசு தன் செயல்களுக்கு மெல்லிய பெயர்களைச் சூட்டிய அதே வேளையில், எதிரே இருந்த மக்களுக்கு அச்சமூட்டும் பெயர்களைச் சூட்டியது: சட்டவிரோதிகள், கொள்ளையர், பயங்கரவாதிகள், சந்தேகத்துக்குரியோர். போர் என்று சொல்லியிருந்தால், எதிர்த்தரப்புக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, அது என்ன என்று சாதாரண ஐரோப்பியக் குடும்பம் கேட்டிருக்கும். ‘நிகழ்வு’க்குக் காரணம் கேட்பார் இல்லை. தெருவில் குண்டு வெடிக்கிறது. ஏன் என்று சொல்ல எவரும் இல்லை. காரணம் தெரியாத வன்முறைக்கு முன், எதிரே வரும் ஒவ்வொரு முஸ்லிமின் முகமும் ஐயத்துக்குரியதாயிற்று.

1955 ஆகஸ்ட் 20 அன்று பிலிப்வில் வட்டாரத்தில் விடுதலை முன்னணி தூண்டிய தாக்குதலில் 123 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 71 பேர் ஐரோப்பியர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அதைத் தொடர்ந்த பழிவாங்கலில் 1,273 பேர் கொல்லப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது; முன்னணியோ 12,000 என்றது. அச்சம் பழிவாங்கலையும், பழிவாங்கல் அச்சத்தையும் பெருக்கின. மலைப்பகுதிகளில் பெரும் நிலப்பரப்புகள் ‘தடைசெய்யப்பட்ட மண்டலங்கள்’ ஆயின. அங்கே தென்படும் எவரையும் எச்சரிக்கையின்றிச் சுடலாம்.

இந்த அச்சம் கடல் கடந்து பாரிஸுக்கும் வந்தது. 1961-இல் பாரிஸ் காவலர்கள் பலர் விடுதலை முன்னணியின் தாக்குதல்களில் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று மாநகரக் காவல் தலைவர் மொரிஸ் பப்போன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அல்ஜீரியத் தொழிலாளர்கள் இரவு 8.30 முதல் காலை 5.30 வரை தெருவில் நடமாட வேண்டாம் என்று அதில் ‘அறிவுறுத்தப்பட்டனர்’. கூட்டமாகச் சென்றால் ஐயத்துக்கு இடமாகும், ஆகவே தனித்தே செல்லுங்கள் என்றும் கூறப்பட்டது. குடிமக்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஊரடங்கு விதிக்க அரசியல் சட்டம் இடம் தராது. அதனால் கட்டளை அறிவுரையின் உடையில் வந்தது.

இதனை எதிர்த்து அக்டோபர் 17 இரவு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அல்ஜீரியர்கள் குடும்பத்தோடு பாரிஸ் தெருக்களில் இறங்கினர். ஆயுதம் கொண்டுவரலாகாது என்பது ஏற்பாட்டாளர்களின் கண்டிப்பான கட்டளை. காவல்துறை அவர்களை அடித்து நொறுக்கியது, சுட்டது, சிலரை செய்ன் ஆற்றில் வீசியது. 11,000-க்கும் மேற்பட்டோர் கைதாகி விளையாட்டரங்குகளில் அடைக்கப்பட்டனர். இறந்தோர் இருவர் என்றது முதல் அறிவிப்பு. பின்னர் அது மூவராயிற்று. சில டஜன் முதல் இருநூறு வரை என்று வரலாற்றாய்வாளர்கள் இன்று மதிப்பிடுகின்றனர். இதே பப்போன், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை நாடுகடத்த உதவிய குற்றத்துக்காக 1998-இல் தண்டிக்கப்பட்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஃபிர்அவ்னின் பேச்சைத் திருக்குர்ஆன் எடுத்துக்காட்டும் முறை இங்கே நினைவுக்கு வருகிறது. மூஸாவைக் கொல்ல அனுமதி கேட்கும் அவன், தன் அரியணையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மூஸா மக்களின் மார்க்கத்தை மாற்றிவிடுவார், நாட்டில் குழப்பத்தைப் பரப்பிவிடுவார் என்று தான் அஞ்சுவதாகவே கூறுகிறான் (40:26). கொலைக்குப் பாதுகாப்பு என்ற பெயர்; அந்தப் பெயரை மக்கள் ஏற்பதற்கு அச்சம் என்ற வழி.

பொய்ப்பெயர் எவரையும் காக்கவில்லை

அல்ஜீரியத் தரப்பில் மூன்று முதல் ஐந்து இலட்சம் பேர் மாண்டதாக வரலாற்றாய்வாளர் பலரும், 15 இலட்சம் பேர் என்று அல்ஜீரிய அரசும் கூறுகின்றனர். ஆனால் இந்தச் சொற்கள் பிரான்சின் சொந்த மக்களையும் வஞ்சித்தன. கட்டாயச் சேவையில் அனுப்பப்பட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள், திரும்பி வந்தபோது போர்வீரர் என்ற தகுதியைப் பெறவில்லை. போரே நடக்கவில்லையே! அந்தத் தகுதிக்கு அவர்கள் 1974 டிசம்பர் வரை காத்திருந்தனர்.

எல்லாம் விரைவில் அடங்கிவிடும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஐரோப்பியக் குடியேறிகள், 1962-இல் கையில் பெட்டியோடு கப்பலேறினர். தலைமுறை தலைமுறையாக அல்ஜீரியாவிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டனர். பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற ‘ஹார்க்கி’ முஸ்லிம்களில் பெரும்பாலோர் கைவிடப்பட்டனர்; அவர்களில் பலர் பழிவாங்கலுக்கு இரையாயினர். பிரான்ஸ் சென்று சேர்ந்தவர்களிலும் பலர் ‘இடைத்தங்கல் முகாம்’ என்ற பெயருடைய இடங்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர்.

நீதியின்பொருட்டு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 1957 மே மாதம் மெலூஸா கிராமத்தில், போட்டி இயக்கத்தை ஆதரித்தனர் என்பதற்காக ஏறத்தாழ 300 முஸ்லிம்களைக் கொன்றது விடுதலை முன்னணி. கொன்றுவிட்டு, பழியைப் பிரெஞ்சுப் படை மீது போட்டது. உங்களுக்கே பாதகமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும், அல்லாஹ்வுக்காகச் சாட்சியம் சொல்லுங்கள் என்பது நமக்கிடப்பட்ட கட்டளை (4:135). பிறருடைய பொய்ப்பெயரைக் கிழிப்பவர் தம்மவருடைய பொய்ப்பெயரைக் காப்பாற்றலாகாது.

சரியான பெயரைச் சொன்னவர்கள்

அன்றே உண்மைப் பெயரை உரைத்தோரும் இருந்தனர். தெய்த்ஜென் பதவியைத் துறந்தார். ரொக்கார் கண்டதை எழுதினார். அல்ஜியர்ஸ் பத்திரிகையாசிரியர் ஆன்றி அலெக், தாம் பட்ட சித்திரவதையைச் சிறையிலிருந்தே எழுதி வெளியே அனுப்பினார். 1958 பிப்ரவரியில் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘கேள்வி’. மன்னராட்சிக் கால பிரெஞ்சு நீதிமன்றங்களில் சித்திரவதைக்கு வழங்கிய பழைய பெயரும் அதுவே. ‘விசாரணை’ என்ற முகமூடியைத் தலைப்பிலேயே அவர் கழற்றிவிட்டார். அடுத்த மாதமே அரசு அந்நூலைப் பறிமுதல் செய்தது.

மொரிஸ் ஓதேனின் மனைவி ஜோசெத், கணவர் தப்பியோடவில்லை என்பதை நிறுவ அறுபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினார். 1999 அக்டோபர் 18-ஆம் நாள் சட்டம், ‘வட ஆப்பிரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்’ என்ற தொடரை நீக்கி ‘அல்ஜீரியப் போர்’ என்று எழுதியது. ஓதேனின் சாவுக்கு அரசே பொறுப்பு என்று 2018 செப்டம்பரில் அதிபர் மக்ரோன் ஒப்புக்கொண்டார். ஜோசெத் அதைக் கேட்டுவிட்டு, சில மாதங்களில் மறைந்தார். பூமெஞ்சல் கொல்லப்பட்டார் என்பதை 2021-இலும், பின் மஹீதி கொல்லப்பட்டார் என்பதை 2024 நவம்பர் 1 அன்றும் பிரான்ஸ் ஏற்றது. ஒரு சொல்லைத் திருத்த இத்தனை ஆண்டுகள். அதற்குள் பெற்றோர் பலர் மகனின் மையித்தையும் காணாமல் மண்ணுக்குள் சென்றுவிட்டனர்.

நம் வீடுகளுக்கு

தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறது (49:6). செய்தியை விசாரிப்பதில் சொல்லை விசாரிப்பதும் அடங்கும். ‘நடவடிக்கை’, ‘அகற்றம்’, ‘விசாரணை’, ‘மையம்’ போன்ற சொற்கள் செய்தியில் வரும்போது, யார் செய்தது, யாருக்குச் செய்தது, எத்தனை பேருக்கு, அவர்கள் இப்போது எங்கே என்று நான்கு கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். செய்தி நம்மைப் பற்றியதாயினும் பிற சமுதாயத்தாரைப் பற்றியதாயினும் கேள்விகள் அவையேதாம். அச்சத்தைப் பரப்பும் செய்தியை நாமும் விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பினால், அந்தக் காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடும்.

இந்த அளவுகோலை வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்ப்பது நலம். மணமகன் வீட்டார் கேட்டு வாங்கும் கைக்கூலியை ‘அன்பளிப்பு’ என்கிறோம். பெண்மக்களின் வாரிசுப் பங்கை மறுத்துவிட்டு, ‘அவளே விட்டுக்கொடுத்தாள்’ என்கிறோம். மதுவுக்கு வேறு பெயர் சூட்டுவோரைப் பற்றிய அந்த எச்சரிக்கை இவற்றையும் தொடுகிறது. சிறு அநீதிக்கு நற்பெயர் சூட்டிப் பழகிய நாவு, பெரிய அநீதியின் பெயரைச் சொல்ல வேண்டிய நாளில் எழாது.

நேர்மையான சொல்லையே சொல்லுங்கள் என்று நம்பிக்கையாளர்களை அழைத்த இறைவன் (33:70), உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவையும், எவர் மீதான வெறுப்பும் அச்சமும் நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யாத உறுதியையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்.